டோக்கியோ ஷேர் ஹவுஸ்: மிச்சமாகும் பணமும் அதற்குக் கொடுக்கும் விலையும்

வேலைக்கோ படிப்புக்கோ டோக்கியோவில் வந்து இறங்குபவர்களுக்கு, முதல் ஒரு வருடத்துக்கு ஷேர் ஹவுஸ் மிக நல்ல ஏற்பாடு. இரண்டாவது வருடமும் அங்கேயே தொடர்வது பெரும்பாலும் நல்லதல்ல. ஓக்ஹவுஸ், சகுரா ஹவுஸ், பார்டர்லெஸ் ஹவுஸ் என்று நடத்துபவர்கள் பலர். இந்த மதிப்பீடு அவர்களில் எவர் ஒருவரையும் பற்றியதல்ல. பூட்டிக்கொள்ள ஒரு தனி அறை; சமையலறை, குளியலறை, கழிப்பறை, சலவை இயந்திரம் எல்லாம் பொது என்ற இந்தச் சேவை வகையைப் பற்றியது.

முதலில் உள்ளே நுழைய ஆகும் செலவைப் பார்ப்போம். தனி வீடு எடுப்பதென்றால் டோக்கியோவில் கையைக் கடிப்பது மாத வாடகையல்ல, சாவி வாங்கும் நாளில் கட்டும் மொத்தத் தொகை. மாதிரிக்கு, 72,000 யென் வாடகையும் 4,000 யென் பராமரிப்புக் கட்டணமும் உள்ள ஓர் அறைச் சிறு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். முதல் மாதம் 76,000. ஷிகிகின் எனும் வைப்புத்தொகை ஒரு மாதம், 72,000. ரீகின் எனும், திரும்பவே வராத அன்பளிப்புத் தொகை ஒரு மாதம், 72,000. தரகர் கட்டணம் வரியோடு 79,200. வாடகைக்கு உத்தரவாதம் தரும் ஜாமீன் நிறுவனத்துக்கு அரை மாதம், 38,000. தீக்காப்பீடு 18,000, பூட்டு மாற்ற 20,000. ஆக 3,75,200 யென். வீடு வெறும் சுவராகத்தான் கைக்கு வரும். கூரை விளக்கு, திரைச்சீலை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், படுக்கை எல்லாம் நாம்தான் வாங்க வேண்டும். பழைய பொருள் கடைகளில் பார்த்து வாங்கினாலும் ஒரு லட்சம் யென் ஒதுக்கிவிடுங்கள்.

அதே பகுதியில் ஷேர் ஹவுஸ் என்றால் வாடகை 55,000, பொதுச் செலவுக் கட்டணம் 15,000, ஒப்பந்தக் கட்டணம் 30,000, வைப்புத்தொகை 30,000 என்று 1,30,000 யென்னில் குடியேறிவிடலாம். ஜப்பானிய ஜாமீன்தாரர் தேவையில்லை. ரீகின் இல்லை, தரகர் இல்லை. கட்டில், மேசை, ஏசி அறையிலேயே இருக்கும். மின்சாரம், எரிவாயு, தண்ணீர், இணையம் எல்லாம் அந்த 15,000க்குள் அடக்கம். சம்பளம் வர இன்னும் ஒரு மாதம் இருக்கும் ஆளுக்கு இந்த வித்தியாசம் எத்தனை பெரியது என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது மாதச் செலவு. மேலே சொன்ன தனி வீட்டில் மின்சாரம், எரிவாயு, தண்ணீருக்கு 11,000, இணையத்துக்கு 4,500 சேர்த்தால் மாதம் 91,500. ஷேர் ஹவுஸில் 70,000. ஆனால் இந்த ஒப்பீடு நியாயமானதல்ல. ஷேர் ஹவுஸுக்குச் செலவிடும் அதே தொகையில் சற்றுத் தள்ளி, கொஞ்சம் பழைய கட்டடத்தில் 53,000 யென் வாடகைக்குத் தனி அறை கிடைக்கும். பராமரிப்பு 3,000, மற்றவை முன்போலவே என்றால் மாதம் 71,500. அங்கே திரும்பி வராத தொகை (ரீகின், தரகர், ஜாமீன் நிறுவனம், காப்பீடு, பூட்டு, சாமான்கள்) 2,77,300 யென். ஒரு வருடத்தில் காலி செய்தால் மாதத்துக்கு 23,100 கூடும். இரண்டு வருடம் இருந்தால் 11,550தான். ஷேர் ஹவுஸில் வைப்புத்தொகையும் துப்புரவுக்கென்று போய்விடும் என வைத்துக்கொண்டால் திரும்பி வராதது 60,000.

ஆகவே ஒரு வருடத்துக்குக் கணக்கிட்டால் ஷேர் ஹவுஸ் மாதம் ஏறத்தாழ 19,600 யென் மலிவு. இரண்டு வருடத்துக்கு அந்த வித்தியாசம் 10,500 அளவுக்குச் சுருங்குகிறது. அந்தப் பத்தாயிரத்துக்குச் சொந்த அடுப்பும் சொந்தக் குளியலறையும் கிடைக்குமென்றால், கொடுத்துவிடுவதே மேல். 80,000 யென்னைத் தாண்டும் சொகுசு ஷேர் ஹவுஸ்களுக்கு, அங்கே இருக்கும் ஜிம்மும் சினிமா அறையும் தினமும் பயன்படாதவரை, பணத்தை இறைக்க வேண்டாம்.

விளம்பரத்தில் அறையின் அளவு 'ஜோ' கணக்கில் இருக்கும். ஒரு ஜோ குறைந்தது 1.62 சதுர மீட்டர். 4.5 ஜோ என்றால் 7.3 சதுர மீட்டர்: ஒரு கட்டில், ஒரு மேசை, நடுவே பெட்டியை விரித்து வைக்க முடியாத இடம். 6 ஜோ, அதாவது 9.7 சதுர மீட்டர், இருந்தால் மூச்சு விடலாம். ரயில் நிலையத்திலிருந்து நடை 10 நிமிடம் என்றால் 800 மீட்டர் என்று அர்த்தம். நிமிடத்துக்கு 80 மீட்டர் என்பதே விளம்பர விதி. சிக்னலில் நிற்பதும் மேடேறுவதும் அதில் சேராது.

கட்டடங்களில் பெரும்பாலும் பார்ப்பது இரண்டு வகை. ஒன்று, குடும்பங்கள் வசித்த மரவீட்டைத் தடுத்து ஆறேழு அறைகளாக்கியது. மலிவு, நிலையத்துக்குப் பக்கம், ஆட்களும் குறைவு. ஆனால் பக்கத்து அறைக்காரர் தும்மினால் நமக்குக் கேட்கும். ஜனவரியில் சுவர் சில்லிடும். ஜூன் மழைக்காலத்தில் அலமாரிக்குள் பூஞ்சை பிடிக்கும். இன்னொன்று, நிறுவனங்களின் பழைய ஊழியர் விடுதியை வாங்கிப் புதுப்பித்தது. கான்கிரீட் கட்டடம், ஐம்பது நூறு பேர், பெரிய சமையலறை, நிலையத்திலிருந்து சற்று நடை. இரவு நேரச் சத்தத்துக்குப் பயப்படுபவர்களுக்கு இரண்டாவது வகையே நல்லது. சுவரைக் கையால் தட்டிப் பாருங்கள்: பொத்தென்று கேட்டால் பலகைத் தடுப்பு.

எத்தனை பேர் என்பதைவிட எத்தனை பேருக்கு ஓர் அடுப்பு, ஒரு ஷவர், ஒரு சலவை இயந்திரம் என்பதுதான் அன்றாடத்தைத் தீர்மானிக்கிறது. இதற்கு நம்பகமான அளவுகோல் ஒன்று உண்டு. 2017இல் திருத்தப்பட்டு அந்த அக்டோபரில் நடைமுறைக்கு வந்த வீட்டுவசதிப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யும் ஷேர் ஹவுஸுக்கு, தனி அறை 9 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, அறைக்கு ஒருவர்தான், கழிப்பறை, கைகழுவுமிடம், குளியல் வசதி ஐந்து பேருக்கு ஒன்று என்ற விகிதத்தில் வேண்டும். பதிவு செய்யாத வீட்டை இந்த அளவு கட்டுப்படுத்தாது. ஆனாலும் பார்க்கப் போகும் எந்த வீட்டையும் இதை வைத்து எடைபோடலாம். எட்டுப் பேருக்கு ஒரே ஷவர் என்றால் காலை ஏழரை மணிக்கு வரிசைதான்.

சமையலறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நம் ஆட்கள் ஷேர் ஹவுஸை விட்டு ஓடுவது பெரும்பாலும் இதனால்தான். பல வீடுகளில் இருப்பது மின்காந்த (இண்டக்‌ஷன்) அடுப்பு. அலுமினியக் குக்கரும் மண்சட்டியும் அதில் சூடேறாது. ஊரிலிருந்து பாத்திரம் கொண்டுவருவதாக இருந்தால் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள். ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட். 230 வோல்ட் மிக்ஸியை அப்படியே செருகினால் சரியாகச் சுற்றாது. மின்மாற்றி வைத்து ஓட்டலாம் என்றால் அதன் எடையே பல கிலோ. அங்கே கிடைக்கும் சிறு மிக்ஸி சட்னிக்குப் போதும், இட்லி மாவுக்கு ஆகாது.

குளிர்பதனப் பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு அல்லது ஒரு கூடை இடம்தான். உறைபெட்டியில் அதுவும் இராது. துருவிய தேங்காயும் வாரத்துக்கான மாவும் அங்கே நடக்காத காரியம். பொதுச் சட்டிகளில் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் வதக்கியிருப்பார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் ஒரு வாணலி, ஒரு குக்கர், ஒரு கரண்டியைத் தனியாக வாங்கிப் பெயரெழுதி அறையில் வைத்துக்கொள்வது ஒன்றே வழி. தாளிக்கும்போது புகைபோக்கியை எண்ணெய் ஊற்றும் முன்பே போடுங்கள், இறக்கிய பின் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பெருங்காயத்தைக் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடுங்கள். அறைக்குள் சமைப்பதை ஒப்பந்தம் தடுக்கும், கூரையில் புகை உணர்வியும் இருக்கும். அரிசிக் குக்கருக்கு மட்டும் சில இடங்களில் அனுமதி உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். அறையின் மின்சுற்று 15 ஆம்பியர் என்றால் தாங்குவது 1,500 வாட். குக்கரும் 1,200 வாட் தலைமுடி உலர்த்தியும் ஒன்றாக ஓடினால் விளக்கணையும்.

வீட்டைப் பார்க்கப் பகலில் போகாதீர்கள். இரவு எட்டிலிருந்து பத்துக்குள் அனுமதி கேளுங்கள். கழுவாத பாத்திரம் தொட்டியில் எவ்வளவு கிடக்கிறது, குப்பை வகைபிரித்திருக்கிறதா, சலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். எடுக்கப்போகும் அறைக்குள் நின்று, கதவைச் சாத்தி, வைஃபை வேகத்தை அளந்து பாருங்கள். வரவேற்பறையில் அளந்தால் பயனில்லை. வேகம் போதாதென்றாலும் சொந்த இணைப்பு இழுக்க அனுமதி கிடைக்காது, தனியாக மொபைல் ரவுட்டர்தான் வாங்க வேண்டியிருக்கும். சலவைக்கும் உலர்த்திக்கும் நாணயம் போட வேண்டுமா என்பதையும் பாருங்கள். ஒரு தடவைக்கு 100, 200 யென் என்பது மாதக் கடைசியில் கணிசமான தொகை.

ஒப்பந்தம் பெரும்பாலும் காலவரையறை வாடகை ஒப்பந்தமாக இருக்கும். அதாவது காலம் முடிந்தால் தானாக நீளாது. புதிதாக ஒப்பந்தம் போட வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், மறுத்தால் பெட்டி கட்ட வேண்டியதுதான். சாதாரண வாடகை ஒப்பந்தத்தில் குடியிருப்பவருக்கு இருக்கும் பாதுகாப்பு இதில் இல்லை. கையெழுத்திடுமுன் நான்கு விஷயங்களைத் தேடிப் படியுங்கள்: குறைந்தபட்சம் எத்தனை மாதம் இருக்க வேண்டும், முன்கூட்டியே போனால் அபராதம் எவ்வளவு, எத்தனை நாள் முன்னறிவிப்பு, கடைசி மாத வாடகையை நாள்கணக்கில் பிரிப்பார்களா. முன்னறிவிப்பு பொதுவாக ஒரு மாதம். கடைசி மாதத்தைப் பிரிக்காத இடங்களில் 3ஆம் தேதி காலி செய்தாலும் முழு வாடகைதான்.

நடத்தும் நிறுவனத்தின் நிலையும் முக்கியம். பெண்களுக்கான ஷேர் ஹவுஸ்களை டோக்கியோ முழுக்கக் கட்டவைத்து, முதலீட்டாளர்களிடமிருந்து குத்தகைக்கு எடுத்து நடத்திய ஸ்மார்ட் டேஸ் நிறுவனம் 2018இல் நொடித்தது. முதலீட்டாளர்களுக்குக் கடன் கொடுத்த சுருகா வங்கி மீது அரசு நடவடிக்கை எடுத்தது. அந்த வீடுகளில் பல, பொது வரவேற்பறையே இல்லாமல் 7 சதுர மீட்டர் அறைகளாக அடுக்கியவை. இன்றும் அப்படிக் கட்டிய வீடு கண்ணில் பட்டால் வாடகை எவ்வளவு இறங்கினாலும் தவிர்த்துவிடுங்கள்.

குடியேறிய 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அறை எண்ணையும் சேர்த்து எழுதுங்கள், உங்களைத் தனிக் குடும்பத் தலைவராகவே பதியச் சொல்லுங்கள். அஞ்சல் பெட்டியில் பெயரில்லை என்றால் வங்கி அட்டை திரும்பிப் போய்விடும், கணக்கே முடங்கக்கூடும். ஒட்டுத்தாளில் ரோமன் எழுத்திலும், வேற்றுமொழிப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்தான கடகனாவிலும் பெயரெழுதி முதல் நாளே ஒட்டிவிடுங்கள்.

தம்பதியாக வருபவர்களுக்கு இது ஒத்துவராது. இருவர் தங்கும் அறைகள் குறைவு, கிடைத்தாலும் பொதுச் செலவுக் கட்டணம் தலைக்கொன்றாக ஏறும். இரவு வேலை பார்ப்பவர்களுக்கும் கஷ்டம். பத்து மணிக்கு மேல் சலவையும் சமையலும் கூடாதென்ற விதி பல வீடுகளில் உண்டு. தனியாக வருபவர்கள் ஒன்பதாவது மாதத்திலேயே வீடு தேடத் தொடங்கிவிடலாம். அரசுசார் அமைப்பான யூஆர் குடியிருப்புகளில் வைப்புத்தொகை இரண்டு மாத வாடகை. ரீகின், தரகர் கட்டணம், ஒப்பந்தப் புதுப்பிப்புக் கட்டணம், ஜாமீன்தாரர் எதுவும் கிடையாது. ஆனால் வருமானச் சான்று கேட்பார்கள். சம்பளச் சீட்டுகள் அதற்குள் கையில் சேர்ந்திருக்கும்.