ஓரம் வெட்டிய கிளெமென்டே கார்டு: தபாலில் டிரேட் செய்கிறவர்கள் கவனத்துக்கு

பிட்ஸ்பர்க்கில் எனக்குத் தெரிந்தே ஏழெட்டுத் தமிழ் வீடுகளில் பிள்ளைகள் பைரேட்ஸ் அணியின் பேஸ்பால் கார்டு (ஆட்டக்காரர் படம் அச்சிட்ட சின்ன அட்டை) சேர்க்கிறார்கள். அவர்களுக்காகவும், வேறு ஊரில் வேறு அணிக்குச் சேர்க்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பழைய கார்டைத் தபாலில் மாற்றிக்கொள்ளும்போது, எதிராளி அதைப் பிளாஸ்டிக் ஹோல்டரை விட்டு வெளியே எடுத்துப் படம் அனுப்ப மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நாங்கள் நிறுத்தவில்லை. ஐந்து நல்ல கார்டுகளைக் கொடுத்துவிட்டு, பழுதை மறைக்க ஓரம் வெட்டிய ஒரு கிளெமென்டே கார்டை வாங்கி வைத்திருக்கிறோம்.

நாங்கள் இந்த ஊருக்கு வந்தது 2011 இல். கிரிக்கெட் தவிர வேறு ஆட்டம் தெரியாது. 2013 அக்டோபர் 1 ஆம் தேதி பைரேட்ஸ் சின்சினாட்டி ரெட்ஸை 6-2 என்று ஜெயித்த அந்த இரவில்தான் இந்த ஆட்டம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அதற்கு முன்பு இருபது வருடம் தொடர்ந்து தோற்ற ஆட்டங்களே அதிகமாக இருந்த அணி. அன்றைக்கு மைதானம் முழுக்கக் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு நின்று கத்தியது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அழுததை நான் பார்த்தேன். மகனுக்கு அப்போது இரண்டு வயது, என் தோளிலேயே தூங்கிவிட்டான்.

அவன் நான்காம் வகுப்பில் ராபர்ட்டோ கிளெமென்டேயைப் பற்றிப் பள்ளிக்கு ஒரு கட்டுரை எழுதினான், அதிலிருந்து கார்டு சேர்ப்பது தொடங்கியது. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து 1955 முதல் 1972 வரை பதினெட்டு சீசனும் பைரேட்ஸுக்கு மட்டுமே ஆடியவர். சரியாக 3000 ஹிட், அதாவது பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் ஓடிச் சேர்ந்தது. 1972 டிசம்பர் 31 அன்று, நிகரகுவாவில் நிலநடுக்கத்தில் அடிபட்ட மக்களுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிப் போன விமானம் கடலில் விழுந்து இறந்துபோனார். அவர் அணிந்த எண் 21 என்பதால் இங்குள்ள மைதானத்தில் வலதுபக்கச் சுவரே 21 அடி உயரம். கார்டு அச்சிடும் டாப்ஸ் நிறுவனம் 1955 இலிருந்து 1973 வரை வருடா வருடம் அவருக்குக் கார்டு போட்டிருக்கிறது, மொத்தம் பத்தொன்பது வருடம். அந்தப் பத்தொன்பதையும் சேர்த்துவிட வேண்டும் என்பது மகனுடைய ஆசை, இப்போது எனக்கும்தான். இன்னொன்று, 1957 முதல் 1969 வரை வந்த கார்டுகளில் அவர் பெயரை 'பாப்' என்று மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அவர் பெயர் ராபர்ட்டோ, அப்படியே கூப்பிடுங்கள் என்றுதான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பதின்மூன்று கார்டுகளுக்கும் கீழே மகன் ஒரு சின்னத் தாளில் 'ராபர்ட்டோ' என்று எழுதிச் செருகி வைத்திருக்க வேண்டும் என்று திட்டம் போட்டான். பாதிக்கு மேல் எழுதியும்விட்டான்.

இந்த வரிசையில் 1955 தான் ரூக்கி கார்டு, அதாவது அவருடைய முதல் வருடத்துக் கார்டு, எங்கள் கைக்கு எட்டாது. அதை விட்டால் சிரமம் கொடுப்பது 1963, எண் 540. அந்தக் காலத்தில் டாப்ஸ் ஒரே வருடத்துக் கார்டுகளைத் தவணை தவணையாகக் கடைக்கு அனுப்பும். கடைசித் தவணை வருவதற்குள் சீசன் முடிகிற நேரம் ஆகிவிடும், பையன்களுக்கு ஆர்வம் குறைந்திருக்கும், கடைக்காரரும் அதிகம் வாங்கமாட்டார். அதனால் பெரிய எண் உள்ள கார்டுகள் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. 1963 கார்டுகளில் இன்னொரு தொல்லை, கீழ்ப்பக்கம் உள்ள வண்ணப்பட்டை விளிம்பு வரைக்கும் போகும். வெள்ளை ஓரம் இல்லாததால், கொஞ்சம் உரசினாலே வண்ணம் பெயர்ந்து புள்ளி புள்ளியாக வெள்ளை தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், விஷயமே இங்கேதான் இருக்கிறது.

அதுவரை எங்கள் டிரேட் எல்லாம் நேரில்தான். பென் ஹில்ஸ் பெருமாள் கோவிலுக்குப் போகும்போது மகனும் அவன் சிநேகிதர்களும் கார் நிறுத்துமிடத்திலேயே பைண்டரைத் திறந்து வைத்துக்கொண்டு மாற்றிக்கொள்வார்கள். யாரும் யாரையும் ஏமாற்றியதில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் இணையத்தில் கார்டு மாற்றிக்கொள்ளும் ஒரு குழுவில் சேர்ந்தோம்.

பக்கத்து மாநிலத்துக்காரர் ஒருவர் 1963 கிளெமென்டேயைப் போட்டிருந்தார். கறுப்புத் துணி மேல், காந்த மூடி போட்ட தடித்த ஹோல்டருக்குள், நாலு மூலையும் ஊசி போல. கீழ்ப்பட்டையில் ஒரு கீறல் கிடையாது. அவருக்கு நல்ல பெயர் சொல்லி அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் எழுதியிருந்தார்கள். எங்களிடமிருந்து, பைரேட்ஸுக்கு ஆடிய ஆண்ட்ரூ மெக்கச்சனின் 2005 போமேன் குரோம் வரிசைக் கையெழுத்துக் கார்டும், பைரேட்ஸ் பந்துவீச்சாளர் பால் ஸ்கீன்ஸின் ரூக்கி கார்டுகள் நான்கும் கேட்டார். சந்தை விலைக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய 350 டாலர் என்று ஒத்துக்கொண்டோம். ஸ்கீன்ஸ் கார்டுகளுக்கு அப்போது எவ்வளவு வேகம் என்று தெரிந்தவர்களுக்குப் புரியும். அவருடைய முதல் ஆட்டத்துச் சட்டையில் இருந்த துண்டு வைத்த ஒரே ஒரு கார்டு 2025 மார்ச்சில் 11 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. பைரேட்ஸ் என்றாலே ஆட்கள் தேடி வர ஆரம்பித்த நேரம் அது, நல்லவர்கள் மட்டும் வரவில்லை.

கார்டை வெளியே எடுத்து ஒரு படம் அனுப்புங்கள் என்று கேட்டேன். "ஹோல்டரை விட்டு எடுத்தால் மூலை மழுங்கும், நான் அந்த ரிஸ்க் எடுக்கமாட்டேன்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. குழுவின் வழக்கப்படி, பரிந்துரை குறைவாக உள்ளவர் முதலில் அனுப்ப வேண்டும். அதாவது நாங்கள். ஐந்து கார்டையும் டாப்லோடர் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் வைத்து, அட்டையால் இரண்டு பக்கமும் அணைத்து, டிராக்கிங் எண்ணோடு அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்த ஆறாவது நாள்தான் அவர் தன்னுடையதை அனுப்பினார். எங்களுக்கு வந்த அன்றைக்கே செய்தி அனுப்பி, "வந்துவிட்டது, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று குழுவில் எழுதிவிடுங்கள்" என்றார். ஹோல்டர் வழியாகப் பார்த்தோம், அழகாக இருந்தது. எழுதிவிட்டேன்.

மூன்று வாரம் அது மகனுடைய மேசையில் ஹோல்டரிலேயே நின்றது. அப்புறம் மற்றவற்றோடு பைண்டரில் வைக்கலாம் என்று எடுத்து, மெல்லிய உறையில் போட்டு, ஒன்பது பை உள்ள தாளில் செருகினான். "அப்பா, இது மட்டும் உள்ளே ஆடுதுப்பா" என்றான். மற்ற கார்டுகள் பையில் இறுக்கமாக உட்கார்ந்திருந்தன, இது மேலும் கீழும் நகர்ந்தது. வீட்டில் இருந்த சாதாரண 1963 கார்டு ஒன்றை எடுத்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். கிளெமென்டே கீழ்ப்பக்கம் குட்டை. 1957 முதல் டாப்ஸ் கார்டின் அளவு இரண்டரை அங்குலத்துக்கு மூன்றரை, அதாவது 63.5 மி.மீ.க்கு 88.9 மி.மீ. எங்களுடையது உயரத்தில் ஒன்றேகால் மி.மீ. குறைவு.

அளவு மட்டும் வைத்து உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தக் காலத்து ஆலையில் வெட்டும்போதே கொஞ்சம் முன்பின் ஆகும். நான் அதை எடுத்துக்கொண்டு மாதாமாதம் இங்கே நடக்கும் கார்டு ஷோவுக்குப் போனேன். நாற்பது வருடமாகப் பழைய கார்டு வாங்கி விற்கும் ஒரு பெரியவர் அங்கே மேசை போடுவார். அவர் முகப்பைப் பார்க்கவே இல்லை. கார்டைக் கண்ணுக்கு நேராகப் படுக்க வைத்துப் பிடித்து, பத்து மடங்கு காட்டும் லென்ஸில் நாலு ஓரத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். மூன்று ஓரத்தில் அட்டையின் நார் லேசாகப் பிசிறாக, வயதான பழுப்பில் இருந்தது. கீழோரம் வழவழவென்று, மற்றதைவிட வெளுப்பாக, கத்தி இறங்கிய இடம் அப்படியே தெரிந்தது. "வண்ணம் பெயர்ந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டால் மூலையும் கூராகிவிடும், பட்டையும் சுத்தமாகிவிடும், 1963 இல் இதைத்தான் செய்வார்கள்" என்றார். இருந்தும் மனசு கேட்காமல் தரம் பார்க்கும் நிறுவனத்துக்கு அனுப்பினேன். ஓரம் வெட்டியதற்கான தடயம் இருக்கிறது, கிரேடு தர முடியாது என்று திரும்பி வந்தது. கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்காது.

இது சின்னத் திருட்டு என்று சிலர் நினைக்கலாம். பைரேட்ஸ் சேர்க்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரியது என்று தெரியும். கார்டு உலகத்திலேயே பெரிய பெயர் எடுத்தது, டி206 என்ற பழைய சிகரெட் பெட்டிக் கார்டு வரிசையில் வந்த ஹானஸ் வாக்னர் கார்டு. அவரும் பைரேட்ஸ் ஆட்டக்காரர்தான். அந்தக் கார்டுகளில் மிகவும் புகழ்பெற்ற ஒன்று, பத்துக்கு எட்டு கிரேடு வாங்கி 2007 இல் 28 லட்சம் டாலருக்கு விற்றது. அதன் ஓரத்தைத் தான்தான் வெட்டினேன் என்று ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ 2013 இல் நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டார், சிறைக்கும் போனார். கிரேடு வாங்கிய அந்தக் கார்டே இப்படி என்றால், ஹோல்டருக்குள் இருக்கும் கார்டின் ஒரு படத்தை வைத்து நாம் எப்படிக் கண்டுபிடிப்பது?

கிளெமென்டேயை அனுப்பியவருக்கு எழுதினேன். முதல் பதில் மரியாதையாக வந்தது: கிரேடு செய்யாத கார்டு, நான் எந்தக் கிரேடும் வாக்குக் கொடுக்கவில்லையே என்று. கிரேடைப் பற்றி நான் கேட்கவில்லை, வெட்டியதை மறைத்ததைத்தான் கேட்கிறேன் என்றேன். இரண்டாவது பதிலில், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மூன்று வாரத்தில் நீங்கள் கார்டை மாற்றியிருந்தால் எனக்கு எப்படித் தெரியும் என்றார். அதைப் படித்தபோது கை நடுங்கியது. மெக்கச்சன் கார்டையாவது திருப்பிக் கொடுங்கள், அது பையனுடைய பிறந்தநாள் பரிசு என்று கேட்டேன். விற்றுவிட்டேன் என்று சொல்லி, என்னை பிளாக் செய்தார்.

குழுவை நடத்துகிறவர்களாலும் முதலில் ஒன்றும் செய்ய முடியவில்லை, காரணம் நான் எழுதிய அந்த ஒரு வரி. தயவுசெய்து, கார்டை வெளியே எடுத்து, அதே வருடத்து வேறொரு கார்டின் மேல் வைத்து, ஓரத்தை லென்ஸில் பார்த்து முடிக்கும் வரைக்கும் யாருக்கும் நல்ல வார்த்தை எழுதித் தராதீர்கள். அதே தொடரில் மதிப்பில்லாத சாதாரண கார்டு ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும், ஒன்றிரண்டு டாலருக்குக் கிடைக்கும். மறுஅச்சுக் கார்டைப் பிடிக்கவும் அது உதவும்: அசலில் பெயர் எழுத்து இடைவெளி இல்லாமல் மை நிறைந்து இருக்கும், நகலெடுத்ததில் எழுத்தே புள்ளி புள்ளியாக உடையும்.

பணம் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். காசு கொடுத்து வாங்கியிருந்தால், இணையத்தில் பணம் அனுப்பும் பேபாலில் பொருள் வாங்குவதற்கான முறையில் கட்டியிருந்தால், 180 நாளுக்குள் புகார் கொடுத்திருக்கலாம். நண்பர்களுக்கு அனுப்புவது போல அனுப்பினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. டிரேடிலோ பணமே கைமாறவில்லை, எங்கே போய்க் கேட்பது? கார்டு ஷோவில் பார்த்த அந்தப் பெரியவர் ஒரு வழி சொன்னார். தெரியாத ஆளோடு டிரேட் என்றால் இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட விலையைப் பொருள் வாங்கும் முறையிலேயே ஒருவருக்கொருவர் கட்டிவிட வேண்டும். கட்டணம் இரண்டு பக்கமும் கொஞ்சம் போகும், ஆனால் இரண்டு பேருக்கும் ரசீது இருக்கும். சம்மதிக்காதவரோடு டிரேட் வேண்டாம். ஏமாற்றுவதற்குத் தபாலைப் பயன்படுத்துவது அமெரிக்காவில் மத்திய அரசுக் குற்றம், தபால் புலனாய்வுத் துறையின் தளத்தில் புகார் கொடுக்கலாம். செய்திப் பரிமாற்றம், படங்கள், டிராக்கிங் எண் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். பெற்றுக்கொண்டதாக மட்டும் பதில் வந்திருக்கிறது.

நான் இதைக் குழுவில் சொன்ன பிறகு அவரிடம் வாங்கிய இன்னும் இரண்டு பேர் தங்கள் கார்டை எடுத்து அளந்து பார்த்தார்கள். ஒருவருக்கு 1965 கிளெமென்டே, இன்னொருவருக்கு இன்னொரு பைரேட்ஸ் ஆட்டக்காரரான ஸ்டார்ஜல், இரண்டுமே குட்டை. அதன் பிறகுதான் அவரை நீக்கினார்கள். மகன் அந்த 1963 ஐத் தூக்கிப் போடவில்லை. 'ராபர்ட்டோ' என்று எழுதிய தாளை எடுத்துவிட்டு, 'கீழோரம் வெட்டியது' என்று பென்சிலில் எழுதி அதே பையில் வைத்திருக்கிறான், இன்னொன்று கிடைக்கும் வரைக்கும்.

போன வாரம் வேறொரு குழுவில், வேறு பெயரில், 1966 கிளெமென்டே ஒன்று வந்திருக்கிறது. அதே கறுப்புத் துணி, அதே காந்த ஹோல்டர், துணியின் இடது மூலையில் எங்கள் படத்தில் இருந்த அதே தையல் பிரிந்த இடம். யாராவது அதைக் கேட்டுப் பேசிக்கொண்டிருந்தால், ஹோல்டரை விட்டு எடுத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு படம் கேளுங்கள்.