வேம்பு, பைரெத்ரம், புகையிலை: எதை எங்கே நம்பலாம்?

மூலிகைப் பூச்சிக்கொல்லி என்ற ஒரே பெயருக்குள் வேம்பையும் புகையிலையையும் அடைத்துவிடுகிறார்கள். பூச்சியைத் தாக்கும் விதத்தில் இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. தெளிப்பவருக்கு வரும் ஆபத்திலோ வித்தியாசம் இன்னும் பெரிது.

வேப்பங்கொட்டையில் உள்ள அசாடிராக்டின் பூச்சியை உடனே கொல்வதில்லை. இலையைத் தின்னவிடாமல் தடுக்கிறது. கூடவே தோலுரிப்பை நடத்தும் ஹார்மோனின் ஒழுங்கைக் குலைக்கிறது. தோலை உரிக்க முடியாத புழு வளராமலே சாகிறது. ஆகவே இளம்புழுப் பருவத்தில் தெளித்தால்தான் முழுப் பலன். முதிர்ந்த வண்டுகள் மொய்த்த பிறகு தெளித்துவிட்டு, மறுநாள் காலையில் செத்த வண்டுகளைத் தேடுகிறவர் வேம்பைத் திட்டிவிட்டுப் போவார், தவறு வேம்பினுடையதல்ல. வெயில் பட்டால் இந்தச் சேர்மம் சில நாட்களில் சிதைந்துவிடும் என்பதால் மாலையில் தெளிப்பதே நல்லது. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிகள் மற்ற மரங்களை மொட்டையடித்தபோது வேம்பு மட்டும் தப்பி நின்றதை ஹைன்ரிச் ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர் கவனித்தார். வேம்பு பற்றிய நவீன ஆய்வுகளுக்கு அது பெரிய தூண்டுதலானது.

வேகம் வேண்டுமென்றால் பைரெத்ரம். சாமந்திக் குடும்பத்துச் செடி ஒன்றின் உலர்ந்த பூக்களிலிருந்து எடுப்பது. நரம்பணுக்களின் சோடியம் வாயில்களை மூடவிடாமல் செய்வதால் பூச்சி சில நிமிடங்களிலேயே துடித்து விழும். ஆனால் விழுந்ததெல்லாம் சாவதில்லை. அளவு குறைந்தால் நஞ்சை உடைத்துவிட்டு எழுந்து பறந்துவிடும். அதைத் தடுக்கத்தான் பைப்பரோனில் பியூட்டாக்சைடு என்ற துணைப்பொருளைச் சேர்க்கிறார்கள். மனிதருக்குத் தீங்கு குறைவு, மீனுக்கும் தேனீக்கும் மிகக் கொடிது. குளத்துக்கு அருகிலும் செடி பூத்திருக்கும்போதும் நான் இதைத் தொடமாட்டேன். ஒளியில் சீக்கிரம் சிதைவது இதன் பெரிய பலவீனம். அந்தப் பலவீனத்தைப் போக்க இதே மூலக்கூறு அமைப்பைப் பின்பற்றி 1970களில் செயற்கையாக உருவானதே பெர்மெத்ரின். இன்று அது சொறிசிரங்குக்குப் பூசும் மருந்தாகவும் இருக்கிறது.

புகையிலைச் சாறு என் பட்டியலிலேயே இல்லை. நிகோட்டின் தாக்கும் ஏற்பிகள், அதாவது நரம்புச் செய்தியைப் பெறும் புரதங்கள், பூச்சிக்கும் உண்டு, நமக்கும் உண்டு. தோல் வழியாகவே உடம்பில் ஏறும். ஈரமான புகையிலை இலைகளைப் பறிக்கும் தொழிலாளர்களுக்கே வாந்தியும் தலைசுற்றலும் வருகின்றன. வீட்டில் காய்ச்சிய சாற்றில் எவ்வளவு நிகோட்டின் இருக்கிறது என்று காய்ச்சியவருக்கே தெரியாது. டெர்ரிஸ் என்ற கொடியின் வேரிலிருந்து எடுக்கும் ரோட்டினோனும் ஆபத்தில் இதே ரகம். இயற்கைத் தோட்டக்காரர்கள் பல்லாண்டு நம்பிப் பயன்படுத்திய பொருள் அது. எலிகளுக்குத் தொடர்ந்து செலுத்தியபோது பார்க்கின்சன் நோய் போன்ற பாதிப்பு தோன்றியதாக 2000இல் ஆய்வு வெளியானது.

சரி, முழுச்சாறு நல்லதா, பிரித்தெடுத்த தனி மூலக்கூறு நல்லதா? வயலில் என் ஓட்டு முழுச்சாற்றுக்கு. பீச் அசுவினி என்ற சாறுறிஞ்சிப் பூச்சியை நாற்பது தலைமுறை வளர்த்துப் பார்த்த ஒரு சோதனையில், தூய அசாடிராக்டினுக்கு அது ஒன்பது மடங்கு எதிர்ப்புச் சக்தி பெற்றது. பல சேர்மங்கள் கலந்த வேப்பங்கொட்டைச் சாற்றுக்கு அப்படிப் பெறவில்லை. ஒரே நேரத்தில் பல பூட்டுகளைத் திறப்பது பூச்சிக்குக் கடினம்.

மருந்தென்று வந்தால் என் தீர்ப்பு தலைகீழ். மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் கிடைக்கும் செடியைக் கொதிக்கவைத்தால் சக்தி கெடும் என்று ஊகித்த சீன விஞ்ஞானி தூ யோயோ, ஈதர் கொண்டு குறைந்த வெப்பத்தில் சாறெடுத்தார். அந்தப் பணிக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே இலையைத் தேநீராகக் குடித்தால் மருந்தின் அளவு செடிக்குச் செடி மாறும். குறைந்த அளவு நோயைத் தீர்க்காது, கிருமிக்கு எதிர்ப்புச் சக்தியை வளர்த்தும் விடலாம். உலக சுகாதார நிறுவனம் அந்தத் தேநீரைப் பரிந்துரைக்காததற்குக் காரணம் இதுதான். நித்தியகல்யாணியும் அப்படியே: ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் வின்கிரிஸ்டின் அதிலிருந்துதான் வருகிறது, ஆனால் இலையை மெல்லுகிறவருக்குக் கிடைப்பது சிகிச்சையல்ல, நஞ்சு.

வேப்பெண்ணெயிலும் இந்த எல்லையை மறக்கக் கூடாது. நாட்டு மருந்துதானே என்று அதைக் குழந்தைகளுக்குப் புகட்டியதால் வாந்தியும் வலிப்பும் மூளைப் பாதிப்பும் ஏற்பட்டு, உயிரிழப்புகளும் நேர்ந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.