நாற்பது ஸ்வெட்டர் பேட்டர்ன் ஒரே தொகுப்பில்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

குளிர்காலத்துக்கு ஏதாவது பின்னலாம் என்று ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு, புதுப் பேட்டர்ன் (பின்னல் செய்முறைக் குறிப்பு) தொகுப்பு எதுவும் வந்திருக்கிறதா என்று இணையத்தில் தேடிக்கொண்டிருப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். கணினியே உருவாக்கியதாகத் தெரியும், பின்னவே முடியாத ஒரு பேட்டர்ன் தொகுப்புக்கு நான் கட்டி ஏமாந்தேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. நான்கு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பின்னிய உழைப்பு வீணாகப் பார்த்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாங்கள் இருப்பது ஸ்காட்லாந்தில், அபர்டீன். டிசம்பரில் மாலை மூன்றரை மணிக்கே இருட்டிவிடும் ஊர். இந்த வருடம் மதுரையிலிருந்து அப்பா முதல்முறையாகக் குளிர்காலத்தில் வருகிறார். அவருக்கு என் கையாலேயே ஒரு கார்டிகன் பின்னிக் கொடுக்க வேண்டும் என்று ஆகஸ்டிலேயே முடிவு செய்துவிட்டேன். தலைவழியாக மாட்டும் ஸ்வெட்டர் அவருக்கு ஆகாது, தோள்பட்டை வலி. முன்பக்கம் பட்டன் வைத்து, கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் ஃபோனில் அந்த விளம்பரம் வந்தது. 40 குளிர்கால டிசைன்கள், 14.99 பவுண்ட், உடனே இறக்கிக்கொள்ளலாம். முதல் படத்திலேயே ஒரு பெரியவர் ஜன்னலோரம் நிற்கிறார், கருநீலக் கார்டிகன், தோளைச் சுற்றி வெள்ளைப் பனிப்பூ வேலைப்பாடு. அப்படியே அப்பா மாதிரி இருந்தது. வாங்கிவிட்டேன்.

பேட்டர்ன் பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. டிகே எனும் நடுத்தரக் கனத்தில் கம்பளி நூல், 4 மில்லிமீட்டர் ஊசி, 10 சென்டிமீட்டருக்கு 22 ஸ்டிட்ச் (ஊசியில் விழும் கண்ணி). முதுகுப் பாகத்துக்கு 124 ஸ்டிட்ச் ஏற்றச் சொல்லியிருந்தது. கணக்குப் போட்டால் சுமார் 56 சென்டிமீட்டர் அகலம், அப்பாவுக்குச் சரியான அளவு. கருநீலத்தில் 50 கிராம் கண்டு 6 போதும் என்றும் எழுதியிருந்தது. நம்பி ஆறு மட்டும் வாங்கினேன். பையனைத் தூங்க வைத்துவிட்டு தினமும் அரை மணி நேரம். கைக்குழி வரை 112 வரிசை, கிட்டத்தட்ட 14,000 ஸ்டிட்ச்.

கைக்குழிக்கு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இரண்டு பக்கமும் எட்டெட்டு ஸ்டிட்ச் மூடு, அதாவது முடித்து ஊசியிலிருந்து எடுத்துவிடு என்றது. மூடினேன், 108 மீதி. அடுத்து, ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று குறை, இப்படி 60 தடவை செய் என்றது. இரண்டு ஓரமும் சேர்த்து 120 ஸ்டிட்ச் குறைக்க வேண்டும். என் ஊசியில் இருப்பதோ 108. நான்தான் ஏதோ தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்து மூன்று முறை படித்தேன். பக்கத்தில் நூலைப் பார்த்தால் மூன்றாவது கண்டும் தீரப்போகிறது. முதுகே இன்னும் முடியவில்லை, பாதி நூல் காலி.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் கோத்தகிரியில் இருக்கிறார். பள்ளியில் படிக்கும்போதே பின்னல் கற்று, நாற்பது வருடமாக அந்த மலைக் குளிருக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பவர். பேட்டர்னை அனுப்பிவிட்டு ஃபோன் செய்தேன். ஐந்து நிமிடம் பேசவே இல்லை. அப்புறம், “இங்க பாரும்மா, இதை எழுதினவங்க ஊசியையே தொட்டதில்ல. கைப்பாகத்துக்கு மணிக்கட்டுல 110 ஸ்டிட்ச் ஏத்தச் சொல்லுது. அம்பது சென்டிமீட்டர் மணிக்கட்டு யாருக்கு இருக்கு?” என்றார். பனிப்பூ கிராஃபையும் எண்ணிப் பார்த்திருக்கிறார். எல்லா வரிசையிலும் 24 கட்டம், ஒன்பதாவது வரிசையில் மட்டும் 23. எந்தக் குறிக்கு எந்த நிறம் என்ற விளக்கமே கிடையாது.

அதற்கப்புறம் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆகஸ்டிலேயே பார்த்திருக்க வேண்டியது. வலது கை மணிக்கட்டில் கேபிள், அதாவது கயிறு முறுக்கிய மாதிரி வேலைப்பாடு இருக்கிறது, இடது கையில் இல்லை. ஏழு பட்டன், ஒன்றுக்கும் துளை இல்லை. தோளில் ‘வி’ வடிவமாக இறங்கும் ஸ்டிட்ச் கழுத்துக்குப் பக்கத்தில் போய் சடைப்பின்னல் மாதிரி குறுக்கே ஓடுகிறது. நூலால் பின்னினால் அப்படி ஆகவே ஆகாது. இந்தப் படமும் பேட்டர்னும் கணினி உருவாக்கியவை என்பதுதான் என் முடிவு. பேட்டர்ன் என்றால் எந்தச் சொற்கள் எந்த வரிசையில் வரும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது, ஊசியில் எத்தனை ஸ்டிட்ச் மீதி என்று எண்ணத் தெரியவில்லை. தொகுப்பிலிருந்த மற்றவற்றில் ஆறு பேட்டர்னை நானும் அக்காவும் கூட்டிக் கழித்துப் பார்த்தோம். ஆறிலும் இதே கதி.

யோசித்தால், நாற்பது என்ற எண்ணே சந்தேகம் தந்திருக்க வேண்டும். ஒரு கார்டிகன் டிசைன் செய்கிறவர் அதை ஒரு முறையாவது முழுதாகப் பின்ன வேண்டும். சின்ன அளவிலிருந்து பெரிய அளவு வரை கணக்குப் போட வேண்டும். அப்புறம் வேறு சிலரிடம் கொடுத்துப் பின்னிப் பார்க்கச் சொல்லி, பிழை திருத்த வேண்டும். ஒரு டிசைனுக்கே மாதக்கணக்கில் ஆகும் வேலை இது. என்னிடம் இருக்கும் நல்ல தொகுப்புகளில் பத்துப் பன்னிரண்டு டிசைன்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் யாரோ உண்மையாக உட்கார்ந்து பின்னியிருக்கிறார்கள். முன்பக்கம், முதுகு, கைக்குழி என்று நாலைந்து கோணத்தில் படம் இருக்கிறது, சென்டிமீட்டர் போட்ட அளவு வரைபடம் இருக்கிறது. இந்தத் தொகுப்பில் டிசைனுக்கு ஒரே ஒரு படம். வரைந்தவர் பெயர் எங்கேயும் இல்லை.

பணம் கேட்டு எழுதினேன். டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திருப்பித் தருவதில்லை என்று ஒரு வரியில் பதில். பிரிட்டனில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், இதோடு விட்டுவிடாதீர்கள். இணையத்தில் வாங்கியதை 14 நாளில் ரத்து செய்யும் உரிமை, சம்மதித்து இறக்கத் தொடங்கியதும் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி டிஜிட்டல் பொருளும் விற்றவர் சொன்னபடி இருந்தாக வேண்டும். தொகை 100 பவுண்டுக்கு மேல் இருந்து கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் கார்டு நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. என்னுடையது சின்னத் தொகை, டெபிட் கார்டு. அதனால் வங்கியிடம் சார்ஜ்பேக் (விற்றவரிடம் போன பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்டேன். அதற்குப் பொதுவாக 120 நாள் கெடு. நூற்றெட்டில் நூற்றிருபது போகாது என்ற கழித்தல் கணக்கு, ஒன்பதாவது வரிசைக்கு வட்டம் போட்ட கிராஃப், துளையில்லாத பட்டன் படம், மூன்றையும் இணைத்தேன். 14.99 பவுண்ட் திரும்பி வந்துவிட்டது.

நூல் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அந்த அளவுக்குப் பன்னிரண்டு கண்டாவது வேண்டும் என்றார் அக்கா. திரும்பக் கடைக்குப் போனால் லேபிளில் லாட் நம்பர் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கான எண்) வேறு. அதே கருநீலம்தான், வெளிச்சத்தில் வைத்தால் ஒரு பொட்டு வெளுப்பு. முழு நூலையும் ஒரே லாட்டில் முதலிலேயே வாங்க விடாமல் செய்ததற்காகவே அந்தத் தொகுப்பை விற்றவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். அக்காதான் வழி சொன்னார்: பழைய லாட்டில் இரண்டு வரிசை, புதிய லாட்டில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. முதுகையும் அவரே காப்பாற்றினார். 124-இல் இரண்டு பக்கமும் 6 மூடி, ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் ஓரத்துக்கு ஒன்றாக 7 தடவை குறைத்தால் 98 ஸ்டிட்ச். குறுக்கே நாற்பத்து நாலரை சென்டிமீட்டர், அப்பாவின் தோளுக்கு அளவெடுத்தது போல. நான் அவிழ்த்தது மூடிய அந்த ஒரு ஜோடி வரிசையை மட்டும்தான்.

புது டிசைன் வேண்டும் என்றால் இப்போது நான் முதலில் போவது ராவெல்ரி என்ற பின்னல் இணையதளத்துக்கு. 2007 முதல் இருக்கிறது. ஒரு பேட்டர்னைத் திறந்தால், அதை வீட்டில் பின்னியவர்கள் போட்ட படங்களும், எவ்வளவு நூல் ஆனது, எங்கே இடறியது என்ற குறிப்புகளும் கிடைக்கும். ஒருவர்கூடப் பின்னாத பேட்டர்னை நான் இனி தொடுவதில்லை. இன்னொன்று, எங்கள் ஊர்த் துறைமுகத்திலிருந்து மாலையில் கப்பல் ஏறினால் காலையில் ஷெட்லாந்து தீவின் லெர்விக். பல நிற நூலில் பின்னும் ஃபேர் ஐல் வேலைப்பாட்டின் சொந்த மண். அங்கே 2010 முதல் இலையுதிர்காலத்தில் கம்பளி வாரம் நடக்கிறது. வருடா வருடம் அதற்கென்றே ஒரு தொப்பி பேட்டர்னை இலவசமாகத் தருகிறார்கள். ஒரு வரிசைக்கு இரண்டே நிறம் என்பதுதான் அந்த மரபு, அதனால் புதிதாக நிறம் சேர்த்துப் பின்னுபவர்களுக்கும் பயமில்லை. பையனுக்கு ஒன்று பின்னிவிட்டேன். ஒவ்வொரு வரிசையையும் எண்ணிப் பார்த்தேன், ஒரு கட்டம் பிசகவில்லை.

போன வாரம் அதே தொகுப்பு வேறு பெயரில் மறுபடி விளம்பரமாக வந்தது. இந்த முறை 60 டிசைன், 12.99 பவுண்ட். அந்தக் கருநீலக் கார்டிகன் இப்போது அரக்கு நிறத்தில் இருக்கிறது. அதே ஜன்னல், அதே பெரியவர். வலது மணிக்கட்டைப் பாருங்கள், கேபிள் இருக்கும். இடதில் இருக்காது.