பான்டோபிரசோலா, ரபிபிரசோலா, ஃபாமோடிடினா?

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து கடையம் வரை எந்த மெடிக்கலில் நின்றாலும், "அண்ணாச்சி, கேஸ் மாத்திரை ஒரு அட்டை தாங்க" என்ற குரல் கேட்கும். என்ன மாத்திரை என்று வந்தவர் சொல்வதில்லை, கடைக்காரரும் கேட்பதில்லை. பெரும்பாலும் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் 40தான் கைக்கு வரும். அதில் சரியாகக் குணம் தெரியாதவர்கள் ரபிபிரசோலுக்குப் போவார்கள். இவை கிட்னியைக் கெடுக்கும் என்று பயம் வந்தவர்கள் ஃபாமோடிடினைத் தேடுவார்கள். இதில் இரண்டு தனிக் கணக்குகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்: மாத்திரை ஒருவருக்கு வேலை செய்வது ஒன்று, கிட்னியைப் பாதிப்பது இன்னொன்று.

முதல் கணக்கில் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒமிபிரசோல், பான்டோபிரசோல், லான்சோபிரசோல் மூன்றையும் பெரும்பாலும் உடைப்பது கல்லீரலில் இருக்கும் சிஒய்பி2சி19 என்ற நொதி. அது எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஓடாது. புதுச்சேரி ஜிப்மரில் நடந்த ஆய்வுகளின்படி தமிழர்களில் ஏழெட்டுப் பேருக்கு ஒருவர் மிக மெதுவாக உடைப்பவர். ஐரோப்பியரில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேர்தான். மெதுவாக உடைப்பவருக்கு மருந்து ரத்தத்தில் நெடுநேரம் நிற்கும், அமிலம் நன்றாக அடங்கும். வேகமாக உடைப்பவருக்கோ அதே 40 மில்லிகிராம் போதாமல் போகலாம். மரபணு அடிப்படையில் டோஸ் சொல்லும் சிபிஐசி வழிகாட்டி, மெதுவாக உடைப்பவர் 12 வாரத்துக்கு மேல் எடுப்பதென்றால் டோஸைப் பாதியாக்கிப் பார்க்கலாம் என்கிறது. ரபிபிரசோல் பெரும்பகுதி நொதியின் உதவியில்லாமலே உடைவதால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் குறைவு. ஆக, நெஞ்செரிச்சல் அடங்குவதை மட்டும் பார்த்தால் ரபிபிரசோலுக்கே என் ஓட்டு.

கிட்னி கணக்கில் அந்த ஓட்டு செல்லாது. பிரசோல் என்று முடியும் இந்த மாத்திரைகளால் சிலருக்கு வரும் திடீர்ச் சிறுநீரக அழற்சி, அலர்ஜி மாதிரி வருவது. டோஸ் அதிகமானதால்தான் வரும் என்றில்லை, ரபிபிரசோலாலும் வரும். ஒன்றில் வந்தவருக்கு அதே குடும்பத்தின் இன்னொன்றை மாற்றிக் கொடுத்தாலும் திரும்ப வரலாம். காய்ச்சல், தடிப்பு எல்லாம் வந்தே தீரும் என்றில்லை. பலருக்கு வெறும் அசதிதான். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகே விஷயம் தெரியும்.

அதற்காகப் பதறவும் வேண்டாம், இது அரிது. நாள்பட்ட கிட்னி நோய்க்கும் இந்த மாத்திரைகளுக்கும் தொடர்பு என்று 2016-இல் வந்த அமெரிக்க ஆய்வு, மாத்திரை எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் கவனித்து ஒப்பிட்டது மட்டுமே. எடுத்தவர்கள் ஏற்கனவே உடம்பு சரியில்லாதவர்களாகவும் இருந்திருக்கலாம். 2019-இல் முடிவு வெளியான காம்பஸ் ஆய்வில் 17,598 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்குப் பான்டோபிரசோலும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் சுமார் மூன்று வருடம் கொடுத்தார்கள். கிட்னி நோயில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. குடல் தொற்று மட்டும் கொஞ்சம் கூடியது.

நம் ஊரில் நான் அதிகம் பயப்படுவது கூடவே விழுங்கும் வலி மாத்திரைக்குத்தான். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் நாள் முழுக்கக் காலை மடக்கி உட்கார்ந்து பீடி சுற்றும் அக்காமாருக்கு இடுப்பு வலி தீராது. டைக்ளோஃபெனாக் ஒன்று, வயிறு புண்ணாகாமல் இருக்கப் பான்டோபிரசோல் ஒன்று. வயிற்றுக்கு அந்த ஜோடி நியாயம்தான். ஆனால் வலி மாத்திரை கிட்னிக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். சித்திரை வெயிலில் தண்ணீரும் சரியாகக் குடிக்காவிட்டால் இன்னும் மோசம். இதில் கேஸ் மாத்திரையை மட்டும் குற்றவாளியாக்கினால் எப்படி?

ஃபாமோடிடின் வேறு ரகம். சிஒய்பி2சி19 நொதியை நம்பி இல்லை, ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யும், எப்போதாவது வரும் எரிச்சலுக்குத் தோது. தினமும் எடுத்தால் ஓரிரு வாரத்தில் வேகம் மங்கும். இன்னொரு சிக்கல், அது வெளியேறுவது பெரும்பாலும் கிட்னி வழியாக. கிட்னி ஏற்கனவே தளர்ந்த வயதானவருக்கு டோஸைக் குறைக்காமல் கொடுத்தால் மனக்குழப்பம்கூட வரலாம். கிட்னிக்காக இதற்கு மாறுகிறவர் முதலில் கிரியேட்டினின் பார்த்துவிட்டு மாறட்டும்.

மாதக்கணக்கில் பான்டோபிரசோல் போட்டவர், இனி தேவையில்லை என்று டாக்டர் சொன்னாலும் ஒரே நாளில் நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து எரிச்சல் திரும்பும். "பார்த்தியா, இது இல்லாம முடியாது" என்று மறுபடி அட்டை வாங்குவது அப்படித்தான். டோஸைப் படிப்படியாகக் குறைத்து, இடையில் எரியும் நாட்களுக்கு மட்டும் ஃபாமோடிடின் வைத்துக்கொண்டால் சில வாரங்களில் அடங்கிவிடும்.