குன்னூரின் இறக்குமதி ஸ்பேர் கடையும் அதன் சுங்க வகைப்பாட்டுச் சேவையும்

நீலகிரியில் பழைய லேண்ட் ரோவரும் வில்லிஸ் ஜீப்பும் காட்சிக்கு நிறுத்தப்பட்ட வண்டிகள் அல்ல. தேயிலைத் தோட்டங்களின் உள்பாதைகளில் இன்றும் ஆளையும் மூட்டையையும் ஏற்றிச் செல்பவை. அவற்றுக்கான ஸ்பேர் கோவைக் கடைகளில் அரிதாகிவிட்டதால், பிரிட்டனில் இருந்து வரவழைத்துக்கொள்வோர் குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களில் பலர் உண்டு. குன்னூரின் பெட்போர்டு பகுதியில் அந்த வேலையை மட்டுமே செய்துவரும் சிறிய கடை ஒன்றின் சேவையைப் பற்றியது இந்த மதிப்புரை. விளம்பரம் வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். குன்னூரில் எந்த ஜீப் மெக்கானிக்கைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்.

இக்கடையைவிட விரைவாகப் பொருளை வரவழைத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். விலையும் இங்கே குறைவு என்று சொல்ல முடியாது. ஆனால் வரும் ஒவ்வொரு பாகத்தையும் சுங்க அட்டவணையில் எந்தத் தலைப்பின் கீழ் அறிவிக்க வேண்டும் என்பதில் இவர்கள் காட்டும் அக்கறையை நான் வேறெங்கும் கண்டதில்லை. 1975-ஆம் ஆண்டின் சுங்கக் கட்டண அட்டவணைச் சட்டப்படி, நாட்டுக்குள் வரும் எந்தப் பொருளுக்கும் ஓர் எட்டு இலக்க எண் உண்டு. வரி எவ்வளவு என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கிறது. மோட்டார் வாகன பாகங்களுக்கென்று 8708 என்ற தலைப்பு இருப்பதால், வண்டியில் பொருந்தும் எல்லாவற்றையும் அதற்குள் தள்ளி, கடைசியில் 'இதர பாகங்கள்' என்ற வரிசையில் எழுதிவிடுவது பல சுங்க முகவர்களின் வழக்கம். அது எளிது, ஆனால் சரியல்ல. வாகனங்களுக்கான பதினேழாம் பிரிவின் இரண்டாம் குறிப்பு, எவையெவை வண்டிக்கென்றே செய்யப்பட்டிருந்தாலும் வாகன பாகமாகக் கொள்ளப்படமாட்டா என்பதை வரிசையாகச் சொல்கிறது. ரப்பர் வாஷர், போல்ட், பேரிங், மின்சாதனங்கள், அளவுமானிகள் எல்லாம் அந்த விலக்குப் பட்டியலில் வருகின்றன. கடை உரிமையாளர் இந்தக் குறிப்பின் அச்சுப் பிரதியை மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே வைத்திருக்கிறார்.

என் ஆர்டர் பெரியதல்ல: ஒரு சீரிஸ் 3 லேண்ட் ரோவருக்கு நான்கு சக்கரங்களுக்குமான பிரேக் வேலை, பின்பக்க லீஃப் ஸ்பிரிங், வேறு சில சில்லறைப் பொருட்கள். கல்லட்டி மலைப்பாதையில் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கும் டிரம் பிரேக் வண்டிக்கு லைனிங் தேய்மானம் எப்படி இருக்கும் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். சப்ளையர் முதலில் அனுப்பிய இன்வாய்ஸில் 'வாகன உதிரிபாகங்கள், ஒரு தொகுதி' என்று ஒரே வரிதான் இருந்தது. அதை வைத்துப் பொருளை வரவழைக்க முடியாது என்று சொல்லி, பாக எண், எந்த உலோகம் அல்லது ரப்பர், தனியாக வருகிறதா, வேறொன்றில் பொருத்தப்பட்டு வருகிறதா என்ற விவரங்களோடு பொருள்வாரியான இன்வாய்ஸ் வாங்கினார்கள். பிறகு என்னையும் உட்காரவைத்து, பென்சிலால் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் நான்கு இலக்கத் தலைப்பை எழுதிக்கொண்டு வந்தார் உரிமையாளர்.

அந்தத் தாளில் இருந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் சேவையின் தரம் அதில்தான் தெரிகிறது. லைனிங் ஒட்டப்பட்ட பிரேக் ஷூ 8708-இல் பிரேக் பாகங்களுக்கான உள்தலைப்புக்குப் போனது. முன்சக்கரத்துக்கு நான் தனியாகக் கேட்டிருந்த லைனிங் துண்டுகளோ, எதிலும் பொருத்தப்படாத உராய்வுப் பொருள் என்பதால் 6813-க்குப் போயின. அந்த லைனிங்கை ஷூவோடு அறைவதற்கான துளையுள்ள ரிவெட் 8308. பிரேக் பைப் இணைப்பில் போடும் செப்பு வாஷர் 7415. ரேடியேட்டர் 8708 என்றால் அதனோடு சேரும் ரப்பர் ஹோஸ் 4009. தண்ணீர் பம்ப் 8413. ஸ்டார்ட்டர் மோட்டார் 8511. பின்காட்சிக் கண்ணாடி 7009. கதவுப் பூட்டு 8301. எனக்கு வியப்பளித்தது லீஃப் ஸ்பிரிங்தான். வண்டியின் எடையையே தாங்கும் அந்தப் பட்டைகளை வாகன பாகம் அல்ல என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் அட்டவணை ஸ்பிரிங்குகளைப் 'பொதுப் பயன்பாட்டுப் பாகங்கள்' என்று வகுத்திருப்பதால் இரும்பு, எஃகு லீஃப் ஸ்பிரிங் 7320-இல் அமர்கிறது. அதே சஸ்பென்ஷனைச் சேர்ந்த ஷாக் அப்சார்பர் மட்டும் 8708-லேயே நிற்கிறது. இந்த வேறுபாட்டை உரிமையாளர் மனப்பாடமாக ஒப்பிக்காமல், உரிய குறிப்பைக் காட்டி, நானே படித்துப் புரிந்துகொள்ளும் வரை காத்திருந்தார்.

தரைவிரிப்பைப் பற்றியும் பேச்சு வந்தது. வண்டியின் தளத்துக்கு ஏற்ப வெட்டித் தைத்த கார்பெட் வேறெதற்கும் உதவாதே, அது வாகனத் துணைப்பொருள்தானே என்று நான் கேட்டேன். 2020-இல் உச்ச நீதிமன்றம் யூனி புராடக்ட்ஸ் வழக்கில் கார் விரிப்புகளை 8708-இல் அல்ல, 57-ஆம் அத்தியாயத்தின் ஜவுளித் தரைவிரிப்புகளோடுதான் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்திருப்பதைச் சுட்டிக்காட்டி, அந்த வரியை 5703 என்று எழுதினார். மலையில் இருந்துகொண்டு இந்த அளவுக்குத் தீர்ப்புகளைத் தொடர்ந்து வாசிக்கும் ஒருவரைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

இதனால் வரி குறையுமா என்பதே பலரும் கேட்கும் கேள்வி. சில பாகங்களுக்குக் குறையலாம், சிலவற்றுக்குக் கூடலாம். இக்கடை குறையும் என்று யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை, அதுவே எனக்கு நம்பிக்கை தந்தது. 2011 முதல் இறக்குமதி செய்பவரே வரியைக் கணித்து அறிவிக்கும் சுயமதிப்பீட்டு முறை நடைமுறையில் இருப்பதால், தவறான தலைப்பின் பொறுப்பும் அவரையே சேர்கிறது. குறைவாகக் கட்டிய வரியைச் சாதாரணமாக இரண்டு ஆண்டுகள் வரையிலும், உண்மையை வேண்டுமென்றே மறைத்ததாகக் கருதப்பட்டால் ஐந்து ஆண்டுகள் வரையிலும் கேட்டு நோட்டீஸ் அனுப்பச் சுங்கச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு இடமளிக்கிறது. கோத்தகிரிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு தோட்டக்காரர், வேறொரு முகவர் எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் எழுதியதால் சரக்கு விசாரணையில் நின்றுபோய், கிடங்கு வாடகையும் கட்டி, கொழுந்து மும்முரமாக வரும் பருவத்தில் வண்டியை நிறுத்திவைத்திருந்தார். முகவருக்கு அதில் ஒரு ரூபாயும் நட்டமில்லை.

கணக்குக் காட்டுவதிலும் குறை சொல்ல ஏதுமில்லை. கடை தன் சொந்த இறக்குமதியாளர் குறியீட்டு எண்ணில் பொருளை வரவழைக்கிறது. பில் ஆஃப் என்ட்ரி எனும் இறக்குமதி அறிவிப்புப் படிவத்தைக் கோவையில் உள்ள உரிமம் பெற்ற சுங்க முகவர் தாக்கல் செய்கிறார். அதன் நகல் நமக்கும் தரப்படுகிறது. சுங்க மதிப்பு 10,000 ரூபாய் உள்ள பிரேக் ஷூவுக்கு அடிப்படை வரி 15 சதவீதம், அதாவது 1,500; அதன் மீது சமூக நல கூடுதல் வரி 150; இவை சேர்ந்த 11,650-க்கு ஐ.ஜி.எஸ்.டி. (ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரி) 18 சதவீதம் என்ற கணக்கில் 2,097. ஆக மொத்தம் 3,747 ரூபாய். 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு ஐ.ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்தபோது இதுவே 4,912 ரூபாயாக இருந்திருக்கும். விமானச் சரக்குக் கட்டணம் எவ்வளவு ஏறினாலும், சுங்க மதிப்பில் சேர்க்கும்போது பொருளின் எப்.ஓ.பி. மதிப்பில், அதாவது அனுப்பும் நாட்டில் ஏற்றும் வரையிலான மதிப்பில், 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியையும் அந்தத் தாளில் சரியாகப் பயன்படுத்தியிருந்தார்கள். எடை மிகுந்த லீஃப் ஸ்பிரிங்கை விமானத்தில் வரவழைத்தவர்களுக்கு இது சிறிய தொகை அல்ல.

குறைகள் இரண்டு. பொருள்வாரியான இன்வாய்ஸ் வாங்கி, ஐயம் உள்ள பாகத்துக்கு உற்பத்தியாளரின் விவரத்தாளும் வந்துசேர்ந்த பிறகே ஆர்டரை உறுதி செய்கிறார்கள் என்பதால், வண்டி ஓடாமல் நிற்கும்போது இந்தக் காத்திருப்பு கடினமாகவே இருக்கிறது. அதைவிட, சேவைக் கட்டணத்தை இன்வாய்ஸில் உள்ள பொருள் வரிசைகளின் எண்ணிக்கைப்படி வாங்குவது சிறு வாடிக்கையாளர்களுக்கு நியாயமாக இல்லை: நாலைந்து வாஷருக்கான ஒரு வரிசைக்கும், முழு கியர்பாக்ஸுக்கான ஒரு வரிசைக்கும் ஒரே கட்டணம். உழைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான் என்று உரிமையாளர் சொல்வதில் உண்மை இருக்கிறது என்றாலும், குறைந்த மதிப்புள்ள வரிசைகளுக்காவது ஓர் உச்சவரம்பு வைக்கலாம்.

முதன்முறை போகிறவர்கள் கழற்றிய பழைய பாகத்தையே கையோடு எடுத்துச் செல்வது நல்லது. வாஷர் ரப்பரா செம்பா, லைனிங் ஷூவோடு ஒட்டியதா தனியா என்பதைப் படத்தில் பார்த்து அவர்கள் முடிவு செய்வதில்லை. மாலையில் மெக்கானிக்குகளின் கூட்டம் மிகுதி என்பதால் காலையில் சென்றால் உரிமையாளரோடு நிதானமாக உட்கார்ந்து பேச முடியும்.