குருமடமா, துறவற சபையா: வேலையை விடுமுன்

நல்ல சம்பளத்தில் இருக்கும்போது இறையழைத்தலை உணரும் கத்தோலிக்க ஆணுக்கு சிங்கப்பூரில் முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. குருக்களுக்கான பயிற்சி இல்லமான குருமடத்தில் படித்து, பேராயரின் கீழ் பணியாற்றும் உயர்மறைமாவட்டக் குருவாகலாம், அல்லது இயேசு சபை, பிரான்சிஸ்கன் போன்ற துறவற சபையில் சேரலாம். இரண்டிலும் மணவாழ்வு இல்லை, கீழ்ப்படிதல் உண்டு. வேறுபடுவது பணமும் இடமும். வயதான பெற்றோர் இருக்கும் வீட்டில் அதுதான் பெரிய வேறுபாடு.

மறைமாவட்டக் குரு ஏழ்மை வார்த்தைப்பாடு, அதாவது ஏழ்மையாக வாழ்வதாகக் கடவுள்முன் உறுதிமொழி, கொடுப்பதில்லை. மத்திய சேம நிதியும் (சம்பளத்திலிருந்து சேரும் கட்டாயச் சேமிப்பு) சொந்தச் சேமிப்பும் அவர் பெயரிலேயே இருக்கும். புங்கோல் புனித பிரான்சிஸ் சவேரியார் குருமடத்தில் முதலில் ஆயத்தக் காலம். பிறகு, திருச்சபைச் சட்டப்படி, மெய்யியலும் இறையியலும் சேர்ந்து குறைந்தது 6 ஆண்டு. குருவுக்கு முந்தைய படியான திருத்தொண்டராகி 6 மாதமாவது கழிந்த பிறகே குருப்பட்டம். பணித்தளம் பெரும்பாலும் இந்தத் தீவுக்குள்தான். அம்மா மருத்துவமனையில் என்றால் பேருந்து ஏறிப் போய்விடலாம்.

சபையிலோ நவதுறவகம் எனும் தொடக்கப் பயிற்சி குறைந்தது 12 மாதம். இயேசு சபையில் 2 ஆண்டு. அது வெளிநாட்டில் இருக்கலாம். தேசிய சேவைக் கடமை (கட்டாய ராணுவ சேவை போன்றது) முடியாதவர் நீண்ட காலம் வெளியே போக வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் சொத்து நிர்வாகத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். நிரந்தர வார்த்தைப்பாட்டுக்கு முன் உயிலும் எழுத வேண்டும்.

சிக்கல் வருவது சின்ன விஷயங்களில். அப்பா வீட்டு மின்கட்டணம் மகன் கணக்கிலிருந்து ஜைரோவில் (வங்கியின் தானியங்கிக் கழிவு) போகும். அம்மாவின் கைபேசி எண்ணும் மகன் பெயரில் இருக்கும். இவற்றை மாற்றாமல் கிளம்பினால் மூன்றாம் மாதமே வீட்டில் நெருக்கடி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடனில் இணைக் கடனாளியாக இருந்தால் இன்னும் கடினம். வேலை நின்றதும் சேம நிதிச் சந்தா நிற்கும். சேம நிதியின் சாதாரணக் கணக்கில் இருப்பது தீரும்வரை தவணை ஓடும், பிறகு கையிலிருந்து ரொக்கமாகக் கட்ட வேண்டும். அடைக்க முடியாத கடன் உள்ளவரைச் சபை சேர்க்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டத்தின் 644ஆம் பிரிவே சொல்கிறது.

பெற்றோரைத் தாங்கும் ஒரே பிள்ளை என்றால் மறைமாவட்டமே பொருந்தும் என்பது எங்கள் கருத்து. ஆனால் தனிமை தாங்காதவர், உடன்பிறந்தோர் வீட்டைப் பார்த்துக்கொள்வார்கள் என்றால், சபையைத் தயங்காமல் யோசிக்கலாம். சேர்ந்து செபித்து, சேர்ந்து உண்ணும் வாழ்வு அங்கே உண்டு.

எதுவானாலும் முதலில் ஞான ஆலோசகரைப் பாருங்கள். சேர்த்துக்கொள்வதாகக் கடிதம் கைக்கு வரும்வரை ராஜினாமா கொடுக்காதீர்கள்.