சுங்கை சிப்புட்டிலிருந்து லண்டனுக்கு ஒரு நாய்க்குட்டி

நாலு வார விடுப்பில் லண்டனிலிருந்து மலேசியாவில் இருக்கும் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டுக்குப் போயிருந்தேன். திரும்பும்போது செவலையையும் கூட்டி வந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். பெரியம்மா வீட்டு நாய் போட்ட குட்டிகளில் கடைசி அவள். நான் போன அன்றைக்கு வயது எட்டு வாரம். வாசல் படியில் முன்னங்கால் இரண்டையும் வைத்துக்கொண்டு, யாராவது பின்னாலிருந்து தூக்கிவிடும்வரை அப்படியே நிற்பாள்.

முதலில் போன கிளினிக்கில், வெறிநாய்த் தடுப்பூசியை அன்றைக்கே போட்டுவிடலாம், தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப்பை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். வேண்டாம் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பிரிட்டனுக்குப் போகும் நாய்க்கு முதலில் மைக்ரோசிப், அதற்குப் பிறகுதான் ஊசி. அதுவும் 12 வாரம் நிறைந்திருக்க வேண்டும். வரிசை மாறினால் அந்த ஊசி செல்லாது. போட்ட பிறகு 21 நாள் காத்திருக்க வேண்டும். ஆக, நான் விமானம் ஏறும் வாரத்தில்தான் அவளுக்கு ஊசியே போட முடியும். டிக்கெட் எடுக்கும் முன்பே இந்தக் கணக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

ஈப்போவில் பார்த்த டாக்டர் அரை மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். பன்றியிடமிருந்து தொற்றும் நீப்பா கிருமி விஷயம் அவர் சொல்லித்தான் தெரிந்தது. தீபகற்ப மலேசியாவிலிருந்து போகும் நாய் 60 நாளாகப் பன்றியோடு சேராமல் இருந்திருக்க வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய 10 நாளுக்குள் இரத்தம் எடுத்து நீப்பா இல்லை என்று காட்ட வேண்டும். அரசாங்கக் கால்நடை மருத்துவரின் சான்றிதழும் வேண்டும்.

பெரியப்பாவுக்கு இதை விளக்கவே தேவைப்படவில்லை. 1998இல் அந்த நோய் கிளம்பியதே ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில்தான். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்து முதலில் கொசு மருந்து அடித்தார்கள். அடுத்த வருடம் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சுங்கை நீப்பா என்ற கிராமத்தின் பெயரையே கிருமிக்கு வைத்தார்கள். 105 பேர் இறந்தார்கள். ராணுவத்தை இறக்கிப் பத்து லட்சம் பன்றிகளுக்கு மேல் கொன்றார்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். ராத்திரியில் காட்டுப்பன்றி வந்து மண்ணைக் கிளறிவிட்டுப் போகும். தாய் நாய் குரைத்துக்கொண்டு ஓடும். செவலையும் பின்னாலேயே ஓடப் பார்ப்பாள். பெரியப்பா ஒரே நாளில் பின்வாசலுக்குக் கம்பி வலை அடித்து, அந்தத் தேதியை நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்தார். இப்போது ஊசியின் 21 நாளைவிட இந்த 60 நாள்தான் எங்களுக்குப் பெரிய கணக்கு.

ஏஜென்ட் ஒருவர், “நீங்க போங்க, நாங்க பின்னால அனுப்பிடுறோம்” என்றார். நான் போவதற்கும் நாய் போவதற்கும் இடையில் 5 நாளுக்கு மேல் ஆனால் வியாபார இறக்குமதி என்று ஆகி, வேறு விதிகள் வந்துவிடும். அதை அவர் சொல்லவே இல்லை. மாக்கிஸ் என்ற மலேசியத் தனிமைப்படுத்தல், சோதனைத் துறையின் அனுமதி, இறங்குவதற்கு 24 முதல் 120 மணி நேரம் முன்னதாக நாடாப்புழு மருந்து, இவையெல்லாம் அடுத்த பயணத்துக்கு. பிரிட்டனுக்குள் விமானத்தில் நாய் சரக்காகத்தான் வர முடியும் என்பதுதான் எனக்கு மனதைப் பிசைகிறது.

புறப்படுவதற்கு முந்தின நாள் ஊசி போட்டோம். பெரியம்மா, “விமானத்துல போற பெட்டிய இப்பவே வாங்கிக் குடுத்துட்டுப் போம்மா, பிள்ளை பழகட்டும்” என்றார். வாங்கிக் கொடுத்தேன். நேற்று போனில் காட்டினார். பெட்டிக்குள் அவருடைய பழைய கைலியை விரித்திருக்கிறார். கதவு திறந்தே இருக்கிறது. செவலை மத்தியானத் தூக்கத்துக்குத் தானாகவே உள்ளே போய்ப் படுக்கிறாள்.